குரல் போன பிறகும் பேசிய எம்.ஜி.ஆர்.



கொடை பண்பலை 100.5 ஒலிக்காத சமையலறை நம் மலையில் குறைவு. அதில் எம்.ஜி.ஆர். பாட்டு வராத நாளும் குறைவு. ஆனால் அந்தப் பாட்டில் நீங்கள் கேட்பது எம்.ஜி.ஆரின் குரல் இல்லை. பெரும்பாலும் அது டி.எம். சௌந்தரராஜனின் குரல். எம்.ஜி.ஆரின் சொந்தக் குரல் வேறு. அதிலும் இரண்டு உண்டு. 1967 ஜனவரி 12 வரை ஒரு குரல், அதற்குப் பிறகு இன்னொரு குரல். 1984-ல் அந்த இரண்டாவது குரலும் தடுமாறிப் போனது.

நம் காலாண்டிதழில் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பார்க்கிறோம். இம்முறை எம்.ஜி.ஆர். அவருடைய கட்சி, ஆட்சி பற்றி உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். அதை விவாதிக்க இது இடமில்லை. இரண்டு முறை பேச்சை இழந்து, இரண்டு முறையும் மக்கள் முன்னால் வந்து நின்ற ஒரு மனிதரின் கதையாக மட்டும் இதைப் படியுங்கள். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டவர்களும், பக்கவாதத்தில் பேச்சு போனவர்களும் நம் ஊரிலும் இருக்கிறார்கள். நாளை நம் பக்கத்து வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நாடகக் கொட்டகையில் வளர்ந்த குரல்

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17-ல், இலங்கையின் மலைநாட்டில் கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நாவலப்பிட்டியில். அப்பா சிறு வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா சத்தியபாமா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்தார். வீட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டம். அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள்.

அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளில் ஒரு பையனுக்குக் குரல்தான் சொத்து. மைக் கிடையாது. கடைசி வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பேச வேண்டும், பாட வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு உடையும்போது பல பையன்களின் வேடமும் போய்விடும். குரல் போனால் பிழைப்பு போய்விடும் என்பதை அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதியில் அவருக்கு ஒரு சிறிய வேடம் கிடைத்தது. கதாநாயகனாக 1947-ல் ராஜகுமாரி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு மலைக்கள்ளன், நாடோடி மன்னன், எங்க வீட்டுப் பிள்ளை என்று வரிசையாக வந்தன. 1959-ல் சீர்காழியில் இன்பக்கனவு நாடகம் நடக்கும்போது சண்டைக்காட்சியில் குண்டுமணியைத் தூக்கப்போய்க் கால் உடைந்தது. அதிலிருந்தும் எழுந்து வந்தார். கால் எலும்பு கூடிவிடும். குரல் அப்படியில்லை.

1967 ஜனவரி 12

அன்று மாலை சென்னை ராமாவரம் தோட்டத்தில் இருந்த அவர் வீட்டில், நடிகர் எம்.ஆர். ராதா துப்பாக்கியால் சுட்டதில் எம்.ஜி.ஆருக்கு இடது காதுப் பக்கம் குண்டு பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். பின்னால் வழக்கு நடந்து ராதாவுக்குத் தண்டனையும் கிடைத்தது. எம்.ஜி.ஆரை முதலில் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும், அங்கிருந்து அரசு பொது மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள்.

காதுக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். அந்தச் சின்ன இடத்துக்குள்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், நாக்கை அசைக்கும் நரம்பு, விழுங்க உதவும் நரம்பு, குரல் நாண்களை இயக்கும் நரம்பு எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிப் போகின்றன. அங்கே குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் இடது காதின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. குரல் அடியோடு மாறியது. கணீரென்று இருந்த உச்சரிப்பு குழறி, மூக்கடைத்தாற்போல் ஆனது.

அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். பரங்கிமலைத் தொகுதியில் அவர் வேட்பாளர். ஒரு கூட்டத்திலும் பேச முடியாது. கழுத்தில் கட்டோடு படுக்கையில் இருக்கும் அவருடைய படம்தான் சுவரொட்டியாக ஊர் ஊராகப் போனது. அவர் ஜெயித்தார்.

அனுதாபத்தில் ஓட்டு விழுந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் சினிமா டிக்கெட்டை யாரும் வருஷக்கணக்கில் அனுதாபத்துக்காக வாங்குவதில்லை. உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒரே படத்தில் இரண்டு குரல்

சுடப்பட்ட சமயத்தில் காவல்காரன் படம் பாதி எடுக்கப்பட்டிருந்தது. குணமாகி வந்து மீதியை நடித்துக்கொடுத்தார். படம் அதே 1967-ல் வெளிவந்தது. இப்போதும் கிடைக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாருங்கள். சில காட்சிகளில் பழைய குரல் இருக்கும், சில காட்சிகளில் புதிய குரல் இருக்கும். பழக்கமில்லாத காதுக்கே வித்தியாசம் தெரியும்.

பின்னணிக் குரல் கொடுக்க ஆள் கிடைக்காத ஊர் இல்லை சென்னை. வேறொருவரைப் பேசவைத்திருந்தால் ரசிகர்களுக்குக் காட்சி கெடாமல் போயிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. குழறினாலும் சொந்தக் குரலிலேயே பேசினார். வசனத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, நிறுத்தி நிறுத்திப் பேசுவது அவருடைய புதிய பாணியானது. சொல்ல முடியாததைக் கையும் கண்ணும் சிரிப்பும் சொல்லின.

முதலில் தியேட்டரில் இருந்தவர்களுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தமிழ்நாடு மெல்ல மெல்ல அந்தக் குரலைக் கேட்கக் கற்றுக்கொண்டது. நாலைந்து படங்களுக்குள் அதுவே எம்.ஜி.ஆரின் குரல் என்றாகிவிட்டது. மிமிக்ரி செய்பவர்கள் இன்றும் எடுப்பது அந்த இரண்டாவது குரலைத்தான். அடிமைப்பெண், மாட்டுக்கார வேலன், உலகம் சுற்றும் வாலிபன் எல்லாம் அந்தக் குரலில் வந்தவை. 1971-ல் வந்த ரிக்‌ஷாக்காரன் படத்துக்காக இந்தியாவின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கணீர்க் குரல் இருந்த முப்பது வருஷத்தில் கிடைக்காத விருது அது.

அரசியலிலும் அதே குரல்தான். 1972 அக்டோபரில் அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். அந்தக் கட்சி முதன்முதலில் நின்று ஜெயித்தது நம் மலையடிவாரத்தில், 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில். குழறும் குரலைக் கேட்கக் கிராமம் கிராமமாக ஜனங்கள் இரவெல்லாம் காத்திருந்தார்கள். 1977 ஜூன் 30-ல் முதலமைச்சரானார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேசக் கற்பது பேசுபவரின் பாதி வேலை. மீதிப் பாதி கேட்பவருடையது. எம்.ஜி.ஆர். தன் பாதியைச் செய்தார். மக்கள் தங்கள் பாதியைச் செய்தார்கள்.

1984: சொல்லே வராத நாட்கள்

1984 அக்டோபர் 5-ல் சிறுநீரகக் கோளாறோடு சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கே இருக்கும்போதே பக்கவாதம் தாக்கியது. நவம்பர் 5-ல் தனி விமானத்தில் நியூயார்க் கொண்டுபோனார்கள். புரூக்ளின் டவுன்ஸ்டேட் மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. டிசம்பரில் அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்தினார்கள்.

பக்கவாதத்தில் பேச்சு போவது வேறு வகை. குரல்வளை நன்றாகவே இருக்கும். சிலருக்கு நாக்கும் உதடும் சொன்ன பேச்சைக் கேட்காது, வார்த்தை குழறும். சிலருக்கு மனதில் இருப்பதற்குச் சொல்லே கிடைக்காது. தண்ணீர் வேண்டும் என்று நினைப்பார்கள், வேறேதோ வரும், அல்லது ஒன்றும் வராது. புத்தி மழுங்கிவிட்டது என்று வீட்டார் தவறாக நினைத்துவிடுவது இங்கேதான். அறிவு அப்படியே இருக்கும். வழிதான் அடைபட்டிருக்கும்.

அந்த டிசம்பரில் மறுபடியும் தேர்தல் வந்தது. ஒரு சொல் பேசாமல், ஒரு நாள்கூட வந்து ஓட்டுக் கேட்காமல், கடலுக்கு அப்பால் படுக்கையில் இருந்தபடி அவர் நின்ற தொகுதி ஆண்டிபட்டி. கோக்கர்ஸ் வாக்கில் மேகம் விலகிய நாளில் கீழே பெரியகுளம் தெரியும் அல்லவா? அந்தச் சமவெளியில், தேனியைத் தாண்டி, வைகை அணைப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். மருத்துவமனையில் அவர் இருக்கும் படக்காட்சியை ஊர் ஊராகத் திரையிட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டி அவரை ஜெயிக்கவைத்தது. தமிழ்நாடு அவர் கட்சிக்கு மூன்றாவது முறையாக ஆட்சியைக் கொடுத்தது.

1985 பிப்ரவரி 4-ல் சென்னை திரும்பினார். 10-ம் தேதி மூன்றாம் முறையாகப் பதவியேற்றார். ஆனால் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. அறுபத்தெட்டு வயதில், முதலமைச்சராக இருந்துகொண்டே, ஒரு குழந்தையைப் போல ஒலிகளையும் சொற்களையும் மறுபடி பழக வேண்டியிருந்தது. கூட்டங்களில் சில வார்த்தைகள் பேசுவார். மீதியைக் கையசைப்பில் முடித்துக்கொள்வார். கூட்டம் அதையே பேச்சாக எடுத்துக்கொண்டது. 1987 டிசம்பர் 22-ல் கத்திப்பாராவில் நேரு சிலை திறப்பு விழாவில் பிரதமர் ராஜீவ் காந்தியோடு கலந்துகொண்டார். இரண்டு நாள் கழித்து, 24-ம் தேதி அதிகாலையில் காலமானார். மறு வருஷம் பாரத ரத்னா விருது வந்தது.

நம் மலைக்கும் அவருக்கும் இருக்கும் தொடர்பை இங்கே சொல்லிவிட வேண்டும். அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அவருடைய ஆட்சியில் 1984-ல் ஏற்பட்டது. மதுரை மாவட்டத்தில் இருந்த நம் கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்துக்கு வந்தது 1985-ல். அதாவது, சரியாகப் பேச முடியாத அந்த முதலமைச்சரின் காலத்தில்தான். உங்கள் முகவரியில் எழுதும் மாவட்டப் பெயரில் அந்த நாட்களும் சேர்ந்திருக்கின்றன.

குரல்வளையையே எடுத்துவிட்டால்?

எம்.ஜி.ஆருக்குக் குரல்வளை எடுக்கப்படவில்லை. புற்றுநோய் முற்றியவர்களுக்கு அதை முழுதாக எடுத்துவிடுவது உண்டு. வியன்னாவில் 1873-ல் டாக்டர் பில்ரோத் முதன்முதலில் புற்றுநோய்க்காக இந்த அறுவையைச் செய்தார். இந்த நோய்க்கு முக்கியக் காரணம் புகையிலை. குடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. திரையில் சிகரெட்டையும் குடியையும் தவிர்த்தவர் என்று எம்.ஜி.ஆரை நாம் நினைவு வைத்திருப்பதற்கு இது இன்னொரு காரணம்.

குரல்வளையை எடுத்த பிறகு மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மூச்சு போகாது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு துளை வைத்து மூச்சுக்குழாயை அதில் சேர்த்துவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க அந்தத் துளை வழியாகத்தான் சுவாசம். நாக்கு, உதடு, பல் எல்லாம் இருக்கும். ஒலி மட்டும் இருக்காது. அந்த ஒலியைத் திரும்பக் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, உணவுக்குழாய்ப் பேச்சு. காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம் விடுவதுபோல் வெளியே விட்டு, அந்த ஒலியை நாக்காலும் உதட்டாலும் சொல்லாக்குவது. கருவி வேண்டாம், செலவில்லை. ஆனால் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். எல்லோருக்கும் வந்துவிடாது.

இரண்டாவது, கழுத்திலோ கன்னத்திலோ வைத்து அழுத்தும் மின்கருவி. டார்ச் அளவுதான் இருக்கும். அது அதிரும்போது வாயை அசைத்தால் பேச்சு வரும். சீக்கிரம் பழகிவிடலாம். ஆனால் குரல் இயந்திரம் பேசுவதுபோல் ஒரே சுருதியில் இருக்கும்.

மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்தும் சிறிய சிலிக்கான் வால்வு. கழுத்துத் துளையை விரலால் மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியாகப் போய்க் குரலாக மாறும். மூன்றிலும் இயல்புக்கு மிக நெருக்கமான பேச்சு இதில்தான். வால்வைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், வெளிநாட்டு வால்வுகள் விலை அதிகம். இந்தச் சிரமத்தைப் பார்த்துத்தான் பெங்களூரில் ஒரு புற்றுநோய் அறுவை மருத்துவர் சுமார் 50 ரூபாயில் ஒரு வால்வை உருவாக்கினார்.

எந்த வழியானாலும் பேச்சுப் பயிற்சியாளரின் உதவி வேண்டும். அறுவைக்கு முன்பே அவரைப் பார்ப்பது நல்லது. பக்கவாதம் வந்தவர்களும் தாமதிக்காமல் பயிற்சியைத் தொடங்க வேண்டும். இந்தத் துறைக்கென்றே மைசூரில் 1965 முதல் ஒரு அகில இந்திய நிறுவனம் இயங்கிவருகிறது.

நம் குடியிருப்பில் நாம் செய்ய வேண்டியவை

கழுத்துத் துளை வழியாகச் சுவாசிப்பவருக்கு நம் மலைக்குளிர் கடினம். மூக்குதான் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்பும். அது இல்லாமல் குளிர்காற்று நேராக நுரையீரலுக்குப் போகும்போது இருமலும் சளியும் கூடும். அதனால் துளைக்கு மேல் மெல்லிய துணியோ வடிகட்டியோ போட்டிருப்பார்கள். அதை வெறித்துப் பார்க்காதீர்கள். அவர்கள் பக்கத்தில் சருகு கொளுத்தாதீர்கள், குளிர்காயத் தீ மூட்டாதீர்கள்.

மூக்கில் காற்று போகாததால் வாசனையும் சரியாகத் தெரியாது. காஸ் கசிந்தால் அவருக்கு நாற்றம் வராமல் போகலாம். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் காஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி அவசியம். பக்கத்து வீட்டார் ஒரு கண் வைத்திருப்பதும் அவசியம்.

ஆபத்து நேரத்தில் அவரால் கத்த முடியாது. இன்டர்காமில் பேச்சு வராமல் தட்டும் சத்தம் மட்டும் கேட்டால் காவலர் வைத்துவிடக் கூடாது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மின்கருவிக் குரலைக் கேட்டு விளம்பர அழைப்பு என்று நினைத்துத் துண்டிக்கவும் கூடாது. அவர் மயங்கி விழுந்து செயற்கைச் சுவாசம் கொடுக்க நேர்ந்தால் காற்று போக வேண்டியது வாய் வழியாக இல்லை, கழுத்துத் துளை வழியாக.

பேசும்போது டி.வி.யை அணைத்துவிடுங்கள். முகத்தைப் பாருங்கள். நீங்கள் சத்தம் போட்டுப் பேச வேண்டாம், அவர் காதில் குறையில்லை. பாதியில் நிற்கும் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள், மறுபடி கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் மனைவியிடமோ மகனிடமோ கேட்காமல் அவரிடமே கேளுங்கள். பேச்சு போனவர்களில் பலர் வெளியே வருவதை விட்டுவிடுகிறார்கள். நோய் அதற்குக் காரணமில்லை. எதிரில் இருப்பவரின் அவசரம்தான் காரணம்.

ராமாவரம் தோட்டம் இன்று

1987 ஜனவரியில் எம்.ஜி.ஆர். உயில் எழுதிவைத்தார். குண்டு பாய்ந்து குரலை இழந்த அதே ராமாவரம் தோட்டத்தில், காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடக்க வேண்டும் என்பது அதில் இருந்தது. அந்தப் பள்ளியும் விடுதியும் இன்று அங்கே இருக்கின்றன. ஒரு கோடிப் பேர் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரர், யாரும் கேட்டிராத குரல்களுக்குத் தன் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவ்வளவு பெரிய தோட்டம் நம்மிடம் இல்லை. மாடிப்படியும், லிஃப்ட் வாசலும், கூட்ட அறையும்தான் இருக்கின்றன. அங்கே நின்று நிறுத்தி நிறுத்திப் பேசும் ஒருவருக்காக ஐந்து நிமிடம் காத்திருக்க நம்மால் முடியும். அடுத்த பொதுக்குழுவில் பேச்சுச் சிரமம் உள்ள உறுப்பினர் யாராவது கையைத் தூக்கினால், அவருக்கு முதல் வாய்ப்பையும் முழு நேரத்தையும் கொடுப்போம்.